குறுக்கு விசாரணை இல்லை

2014 செப்டம்பரில் ஒரு மதியம், எங்கள் ஊர் மகிளா கோர்ட்டில், நீதிபதியின் சேம்பருக்குள் நின்றுகொண்டு "குறுக்கு இல்லைங்கம்மா" என்று சொன்னேன். டைப்பிஸ்ட் தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சாட்சியத்தின் கடைசியில் வழக்கமான வரியை அடித்தார்: "குறுக்கு விசாரணை: எதிரி தரப்பில் இல்லை." நாற்காலியில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுக் குழந்தை, மணிக்கட்டில் ஒட்டியிருந்த பபிள்கம் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஒரு சிறகு உரிந்துபோய் இன்னொன்று மட்டும் மிச்சம் இருந்தது. அவளை அவள் அம்மா கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். ஒரு குழந்தையைக் கேள்வி கேட்டு வதைக்காமல் விட்டோம் என்று அன்றைக்கு எனக்கு ஒரு நிறைவுகூட இருந்தது. 11 வருடமாக அந்த நிறைவுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

இதை எழுத எத்தனையோ முறை உட்கார்ந்து, எழுந்து போயிருக்கிறேன். யாருடைய அடையாளமும் தெரியக் கூடாது என்பதால் ஊரைச் சொல்லவில்லை. தொழில், வீடு போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குழந்தையைப் பற்றிச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கும் குறைவாகவே சொல்லப்போகிறேன். அந்த வழக்கில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, நின்றவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அப்போது நான் வக்கீலாகப் பதிவு செய்து நான்கு வருடம். சிவில் பக்கம் ஒரு சீனியரிடம் இருந்தேன். பாகப்பிரிவினை, கடன் வழக்கு, எப்போதாவது ஒரு ஜாமீன் மனு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவிப் பட்டியலில் பெயர் கொடுத்திருந்தேன். அன்று காலை வேறொரு கேஸில் வாய்தா வாங்கத்தான் அந்தக் கோர்ட்டுக்குப் போனேன். என் கேஸுக்கு முன்னால் இந்த போக்சோ கேஸ், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வந்த கேஸ், கூப்பிட்டார்கள். எதிரிக்கு ஆஜராகிக்கொண்டிருந்த வக்கீல் ஃபீஸ் வராததால் மெமோ போட்டு விலகியிருந்தார். குழந்தையும் அம்மாவும் மூன்றாவது தடவையாகச் சம்மன் வாங்கி வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "நீங்க லீகல் எய்டு பேனல்ல இருக்கீங்கல்ல?" என்றார். கேஸ் கட்டு என் கைக்கு வந்தபோது மணி 11.20. குழந்தை நாற்காலியில் உட்கார்ந்தபோது 2.45.

நீதிபதி அவசரப்பட்டார் என்று சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கோர்ட் வழக்கை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 35ஆவது பிரிவு சொல்கிறது. அந்த 30 நாள் எப்போதோ கடந்துவிட்டது. குழந்தையை மறுபடி மறுபடி அலைய வைக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். "ஒரு வாரம் டைம் வேணும்மா" என்று கேட்டேன். "குழந்தை ஸ்கூலுக்கு லீவு போட்டு வந்திருக்கு" என்றார். நான் மேற்கொண்டு வாதாடவில்லை. எழுத்தில் ஒரு மனு போட்டிருக்கலாம். தள்ளுபடியே ஆகியிருந்தாலும் அது கட்டில் இருந்திருக்கும். போடவில்லை.

கட்டைப் புரட்டினேன். முதல் தகவல் அறிக்கை அம்மா கொடுத்த புகாரின் பேரில். ஒரு காம்பவுண்டு. நடுவில் குழாய், சுற்றி ஆறு வீடு. எதிரிக்கு 23 வயது, கொத்தனாருக்குக் கையாள், நான்காவது வீட்டில் தாயோடு இருப்பவர். மாஜிஸ்திரேட் முன்னால் குழந்தை கொடுத்த 164 வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம். "டிவி பாக்கப் போனேன். மாமா கதவச் சாத்திட்டாங்க" என்று தொடங்கி, மாமா, மாமா என்றே கடைசிவரை போகிறது. பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அந்த மாமா யார் என்று மாஜிஸ்திரேட்டும் கேட்கவில்லை. புகாரில் பெயர் இருக்கிறது, ஆள் ரிமாண்டில் இருக்கிறார், அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படியே படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

சேம்பருக்குள் நீதிபதி கோட்டும் கவுனும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு வெளியே துணித் திரை. அதற்குப் பின்னால் எதிரியும் இரண்டு எஸ்கார்ட் போலீஸும். குழந்தை அவரைப் பார்க்கக் கூடாது, அவருக்குச் சாட்சியம் கேட்க வேண்டும், அதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனால் அதனால் குழந்தை அன்றைக்கும் யாரையும் அடையாளம் காட்டவில்லை. போட்டோவைக்கூட யாரும் காட்டவில்லை. "அந்த மாமா என்ன பண்ணாங்க?" என்று கேட்கப்பட்டது. அவள் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அதுதான் என்னை உடைத்தது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது.

போக்சோவில் வக்கீல் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். நீதிபதிதான் குழந்தைக்கு ஏற்ற மாதிரி கேட்பார். முரட்டுத்தனமான கேள்விக்கும் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் கேள்விக்கும் இடமே கிடையாது. ஒரு தாளில் நாலைந்து கேள்வி எழுதியிருந்தேன். நீதிபதி என்னைப் பார்த்தபோது அந்தத் தாளை மடித்துக் கட்டுக்குள் சொருகிவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னேன்.

சாயங்காலம் வராந்தாவில் எதிரியின் தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் மஞ்சள் பை. "எங்க வீட்டுல டிவி கெட்டுப்போய் ரெண்டு வருசம் ஆச்சும்மா. யாரும் அதக் கேக்கலியே" என்றார். எனக்கு உள்ளங்கை குளிர்ந்துபோனது. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். எந்த முன்னாடி? அவரிடம் நான் பேசியதே அப்போதுதான். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க எம்புள்ளைக்கு வக்கீலாம்மா, இல்ல கோர்ட்டுக்கு வக்கீலா?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

அந்தத் தாயை எதிரி தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினேன். டிவி கெட்டுப்போனதைச் சொன்னார். தீர்ப்பு 2015 பிப்ரவரியில் வந்தது. அதில் இரண்டு வரி எனக்கு மனப்பாடம். குழந்தையின் சாட்சியம் குறுக்கு விசாரணையில் மறுக்கப்படவில்லை என்பது ஒன்று. டிவி பற்றிய வாதம் குழந்தையிடம் கேட்கப்படாமல் பின்னால் எழுப்பப்பட்ட பின்யோசனை என்பது இன்னொன்று. இரண்டும் சட்டப்படி சரி. நம் தரப்பு வாதத்தை எதிர்த்தரப்புச் சாட்சியிடம் கேள்வியாகப் போட்டுப் பார்க்காமல் விட்டால் அது பின்யோசனைதான் என்று முதல் வருட ஜூனியருக்கும் தெரியும். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை என்பதால் ஆறாவது பிரிவு. அன்றைய சட்டப்படி குறைந்தபட்சம் 10 வருடம். 10 வருடமே கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றமும் அதே இரண்டு வரியைத் தன் வார்த்தையில் சொல்லி உறுதி செய்தது.

அவர் அதைச் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் டிவி ஓடியிருக்கலாம், தாய் பிள்ளைக்காகப் பொய் சொல்லியிருக்கலாம். ஆறு வீட்டிலும் ஆண்கள் இருந்தார்கள், அவளுக்கு அத்தனை பேரும் மாமாதான். நான் கேட்காததால் எனக்கும் தெரியாமல் போனது, கோர்ட்டுக்கும் தெரியாமல் போனது.

எதிரி என்ற சொல்

நம் கோர்ட்டுகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தமிழில் எதிரி என்று பெயர். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்றுதான் குற்றப்பத்திரிகையில் இருக்கும். பல வருடம் அதை யோசிக்காமலே எழுதியிருக்கிறேன். இந்த வழக்குக்குப் பிறகுதான் அந்தச் சொல் எனக்குள் என்ன வேலை செய்தது என்று பார்க்க ஆரம்பித்தேன். யாருக்கு எதிரி? சட்டப்படி அரசுக்கு எதிரில் நிற்கும் தரப்பு, அவ்வளவுதான் பொருள். ஆனால் போக்சோ கட்டின் மேல் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது, வக்காலத்துப் போட்ட வக்கீலுக்கே அவர் எதிரி ஆகிவிடுகிறார். அன்றைக்கு அந்தச் சேம்பரில் நான் மனதால் அரசுத் தரப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அதுதான்.

இது எனக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 2018 ஜூலையில் சென்னை அயனாவரம் சிறுமி பாலியல் வன்கொடுமை வழக்கில் கைதான 17 பேரை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மகிளா கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவர்களை அடித்தவர்கள் வக்கீல்கள். காது கேளாத 11 வயதுச் சிறுமிக்கு நடந்ததைக் கேட்ட யாருக்கும் ரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதித்தது. அவர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கத்திலிருந்து அறிவிப்பு வந்தது. எங்கள் ஊர் பாரிலும் அந்த வாரம் அதுதான் பேச்சு. 'நாம மட்டும் வக்காலத்து போட மாட்டோம்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அப்படித் தீர்மானம் போடுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அதற்குள் எட்டு வருடம் ஆகப்போயிருந்தது. அதுவும் நம் கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கில். வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் நடந்த மோதலில் போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கே சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும், நாட்டில் எந்த வக்கீல் சங்கம் இப்படித் தீர்மானம் போட்டாலும் அது அரசியல் சட்டத்துக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதம், செல்லாது என்று எழுதினார்கள். தனக்கு விருப்பமான வக்கீலை வைத்து வாதாடும் உரிமை அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவில் இருக்கிறது. அதில் குற்றத்தின் பெயரைப் பார்த்து விலக்கு எதுவும் கொடுக்கவில்லை.

அயனாவரம் வழக்கில் கடைசியில் எல்லோருக்கும் வக்கீல்கள் வந்தார்கள், விசாரணை நடந்தது. 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஒருவர் இடையிலேயே இறந்துவிட்டார். ஒருவர் விடுதலையானார். நான் அந்த ஒருவரைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். 2018இல் அந்தப் படிக்கட்டில் விழுந்த அடி அவர்மேலும் விழுந்திருக்கும்.

எதிர்த்தரப்பில் நிற்பது என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பதற்கும் உண்மையில் நடப்பதற்கும் நிறைய தூரம். பெண்ணின் நடத்தையைக் கேவலமாகப் பேசுவதுதான் அந்த வேலை என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்த வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன், அந்த வெட்கம் தனி. அதைவிட அதிகமாக நடப்பது, கோர்ட்டுக்கு வெளியே நடக்கும் சமாதானம். ஊர்ப் பெரியவர்கள் உட்காருவார்கள், ஒரு தொகை கைமாறும், அடுத்த வாய்தாவில் அம்மாவும் குழந்தையும் பிறழ் சாட்சி ஆகிவிடுவார்கள். இதைச் செய்துகொடுப்பவரைத்தான் எங்கள் பக்கம் திறமையான வக்கீல் என்கிறார்கள். குழந்தைக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை. பெரியவர்கள் முன்னால் உண்மையைச் சொன்ன பிறகு, அது பொய் என்று அதே வாயால் சொல்ல வைக்கிறார்கள்.

ஒழுங்காகச் செய்தால் இந்த வேலை பெரும்பாலும் காகிதத்தோடுதான். வயதுக்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறார்கள்? பள்ளியோ தேர்வு வாரியமோ கொடுத்த பிறப்புத் தேதிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை என்று சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு வரிசை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் மாற்றுச் சான்றிதழை வைத்து வயதை முடிவு செய்தது தவறு என்று 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது. அப்புறம் தேதி. சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நாள் பள்ளி நாளா, லீவா? துணிகளைக் கைப்பற்றிய மகஜரில் கையெழுத்துப் போட்டவர் அந்த இடத்தில் இருந்தாரா? தடய அறிவியல் கூடத்துக்கு மாதிரி போகும்வரை அது யார் கையில் இருந்தது? போலீஸிடம் சொன்னது, மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது, கோர்ட்டுச் சாட்சியம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே விரிகிறது? இதில் எதற்கும் குரலை உயர்த்த வேண்டியதில்லை. காதலித்து ஓடிப்போன 17 வயதுப் பெண்ணும் 20 வயதுப் பையனும் மாட்டிக்கொள்ளும் வழக்குகள் இன்னொரு ரகம். 2021 ஜனவரியில் ஒரு இளம் ஆட்டோ ஓட்டுநர் மீதான வழக்கை ரத்து செய்தபோது நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த வேதனையைப் பற்றி விரிவாக எழுதினார். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

போக்சோவில் இன்னொன்றும் இருக்கிறது. 29ஆவது பிரிவின்படி, கடுமையான குற்றங்களில் எதிரி செய்தார் என்றே கோர்ட் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. அடிப்படை விஷயங்களை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் குறுக்கு விசாரணையே இல்லாத சாட்சியம் ஒன்று கட்டில் இருந்தால், அந்த அடிப்படை தானாக நிரூபணம் ஆகிவிடுகிறது. மற்ற வழக்குகளில் பின்னால் தனி மனு போட்டுச் சாட்சியை மறுபடி கூப்பிடலாம். குழந்தை விஷயத்தில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். மூடியிருப்பதும் நியாயம்தான். கேட்பதென்றால் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

சின்ன மாமா, பெரிய மாமா

2019இல் கிரிமினல் பக்கம் வந்துவிட்டேன். புதிய சீனியர். 30 வருட அனுபவம், குரலே வெளியே வராது, எப்போதும் சட்டைப் பையில் துண்டுக் காகிதங்கள். ஒரு போக்சோ கேஸ் வந்தது. குழந்தைக்கு ஒன்பது வயது. அதிலும் 164இல் மாமாதான். எனக்கு அது கண்ணில் படவேயில்லை. அவர் பென்சிலால் அந்தச் சொல்லை ஒவ்வொரு இடத்திலும் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு சம்பவ இடத்தைப் பார்க்கப் போனார். "எடத்தப் பாக்காம ஒரு கேள்வியும் எழுதாதம்மா" என்றார். குழந்தையின் வீட்டுப் பக்கமே போகவில்லை, தெருமுனை டீக்கடையோடு நின்றுகொண்டார். டீ குடித்துக்கொண்டே அந்த வீட்டைப் பற்றி நாலு வார்த்தை பேச்சுக் கொடுத்தார். அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று தெரிந்தது. கைதானது தம்பி. சம்பவம் நடந்ததாகச் சொன்ன அந்த மாதம் முழுவதும் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்ததற்கு வருகைப் பதிவேடு இருந்தது. அந்தப் பதிவேட்டின் நகலைக் கையில் வாங்கிய பிறகுதான் கேள்வி எழுத உட்கார்ந்தார்.

விசாரணை நாளில் அவர் நீதிபதியிடம் மூன்று துண்டுக் காகிதங்கள் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி. நீதிபதி முதலாவதைப் படித்துவிட்டுக் குழந்தையிடம் கேட்டார்: "அந்த வீட்ல எத்தன மாமா இருக்காங்க?" குழந்தை இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டாவது காகிதம்: "அவங்களை எப்படி எப்படிக் கூப்பிடுவ?" சின்ன மாமா, பெரிய மாமா என்றாள். மூன்றாவதைப் படிக்க நீதிபதி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் குழந்தை தானாகவே சொன்னாள், "சின்ன மாமா ஊர்ல இல்ல. பெரிய மாமாதான்." மூன்றாவது காகிதம் படிக்கப்படவே இல்லை. அரசு வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குழந்தையின் அம்மா பின்னால் நின்றுகொண்டு வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டதை மட்டும் பார்த்தேன். வேறு யாரும் எதுவும் பேசவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. தம்பி 14 மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அண்ணனை எதிரியாகச் சேர்க்க மனு போனது. அதற்குள் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். தவறான ஆளைப் பிடித்து வைத்திருந்த அந்த 14 மாதமும் சரியான ஆளைத் தேட யாரும் இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. அந்தக் குழந்தை முதல் நாளிலிருந்து சொல்லிவந்ததை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டார்கள். கேட்டது எதிரி தரப்பின் கேள்வி. கேட்டதால் அவள் அழவில்லை, பயப்படவும் இல்லை. போகும்போது நீதிபதியின் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை ஒருமுறை சுற்றிவிட்டுப் போனாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வீட்டுக் காம்பவுண்டும் நடுவில் குழாயும் கண்ணுக்குள்ளேயே இருந்தன. இதைவிட எளிமையான கேள்வி அங்கே இருந்தது. "டிவி பாக்க யார் வீட்டுக்குப் போவ?" அவ்வளவுதான். கேட்டிருந்தால் அவள் நான்காவது வீட்டையே காட்டியிருக்கலாம். அப்படியென்றால் அந்தத் தண்டனை சரியான ஆளின் மேல் விழுந்தது என்று நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி

2025 அக்டோபர் 8 அன்று சென்னை முகலிவாக்கம் சிறுமி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் எதிரியை விடுதலை செய்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா. 2017 பிப்ரவரியில் நடந்த கொடுமை அது. தமிழ்நாட்டில் அந்தக் குழந்தையின் படம் ஞாபகத்தில் இல்லாதவர்கள் குறைவு. செங்கல்பட்டு மகிளா கோர்ட் 2018 பிப்ரவரியில் தூக்கு விதித்தது, அதே ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஏழு வருடம் கழித்து விடுதலை. எங்கள் வக்கீல்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அன்று முழுவதும் கோபம். என் தங்கை போன் செய்து, "இதுக்குத்தான் கோர்ட்டா அக்கா?" என்று அழுதாள். அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ராத்திரி மொபைலில் தீர்ப்பைப் படித்தேன். சிசிடிவி பதிவு என்று சொன்னார்கள், அந்தப் பதிவைக் கோர்ட்டில் தாக்கல் செய்யவில்லை. மாதிரிகள் கைமாறிய வரிசை நம்பும்படி இல்லை. இதெல்லாம் புலன்விசாரணையின் ஓட்டை. ஆனால் நான் எழுந்து உட்கார்ந்தது வேறு பக்கத்தைப் படித்தபோது. குற்றச்சாட்டு வனைந்தபோது எதிரிக்கு வக்கீல் இல்லை. 2017 டிசம்பரில்தான் இலவச சட்ட உதவியில் ஒருவரை நியமித்தார்கள். நியமித்த சில நாளிலேயே சாட்சிகள் விசாரணை தொடங்கிவிட்டது. பிப்ரவரியில் தீர்ப்பு, குற்றவாளி என்று சொன்ன அதே நாளில் தண்டனையும் அறிவித்தாகிவிட்டது. ஊரே வேகமாக நடக்க வேண்டும் என்று கேட்டது, வேகமாக நடந்தது.

2019 டிசம்பரிலேயே, மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த இதே மாதிரி ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருந்தது. ஆயுளோ தூக்கோ விழக்கூடிய வழக்கில் சட்ட உதவி வக்கீலாக நியமிக்கப்படுபவருக்குக் குறைந்தது 10 வருட அனுபவம் வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்று. ஆறாவது பிரிவு அன்றைக்கும் ஆயுள்வரை போகிற பிரிவுதான். எனக்கு அப்போது நான்கு வருட அனுபவம். எனக்குக் கிடைத்த அவகாசம் மூன்று மணி 25 நிமிடம், அதில் மதியச் சாப்பாட்டு நேரமும் அடக்கம்.

என் தங்கைக்கு இப்போது சொல்ல நினைப்பது இதுதான். அந்தச் சிறுமியின் அப்பா அம்மாவுக்கு எட்டு வருடம் கழித்துக் கையில் ஒன்றும் இல்லாமல் போனதற்கு 2025 அக்டோபரை மட்டும் பார்க்காதே. 2017 டிசம்பரையும் பார். அன்றைக்கே தேர்ந்த வக்கீல் ஒருவர், நேரம் கொடுக்கப்பட்டு, எதிரிக்காக ஒவ்வொரு ஓட்டையையும் தட்டிப் பார்த்திருந்தால், அரசுத் தரப்பு அந்த சிசிடிவி பதிவை அன்றே கொண்டுவந்திருக்க வேண்டியிருக்கும். எதிரி அதைச் செய்திருந்தால் தண்டனை அசையாமல் நின்றிருக்கும். செய்யவில்லையென்றால் போலீஸ் வேறு ஆளைத் தேட அப்போதே நேரம் இருந்திருக்கும். இரண்டில் எது நடந்திருந்தாலும் இன்றைக்கு இருப்பதைவிட அந்தக் குடும்பத்துக்கு அது மேல்.

இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் முழுநேரச் சட்ட உதவி எதிர்த்தரப்பு வக்கீல்கள் இருக்கிறார்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2022இல் கொண்டுவந்த திட்டம் அது. சம்பளம் உண்டு, தனி அலுவலகம் உண்டு. கோர்ட் ஹாலில் நிற்பவரைக் கூப்பிட்டுக் கட்டைக் கையில் கொடுக்கும் வழக்கம் குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்வேன்.

போன மாதம் அந்த 2014 வழக்கின் எதிரி என் அலுவலகத்துக்கு வந்தார். 10 வருடத்தை முடித்து 2024இல் வெளியே வந்தவர். தலை பாதி நரைத்திருந்தது. இன்னும் கையாள் வேலைதான், ஆனால் வேறு ஊரில். அம்மா இறந்தபோது பரோலில் வந்தாராம். தெருவில் யாரும் தூக்க வரவில்லை, நாலாவது ஆளாக எஸ்கார்ட் வந்த போலீஸ்காரர் ஒருவர் தோள் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது அந்தப் போலீஸ்காரரைப் பற்றி மட்டும்தான் பேசினார். முகலிவாக்கம் தீர்ப்பு டிவியில் வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எனக்கும் மேல போட முடியுமா மேடம்? வக்கீல் கட்டோட வந்து அன்னிக்கே விசாரிச்சதுக்கு ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார்.

முடியும், ஆனால் கஷ்டம் என்று சொன்னேன். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து பல வருடம் ஆகிவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும். உச்ச நீதிமன்ற சட்டப் பணிகள் குழு வழியாக வக்கீல் கிடைப்பார். எடுப்பார்களா என்று தெரியாது. எடுத்தாலும் அந்தக் குழந்தையை மறுபடி கூப்பிட மாட்டார்கள், கூப்பிடவும் கூடாது. அவளுக்கு இப்போது 19 வயது. அவள் அதையெல்லாம் மறந்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதையும் அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அந்தப் புள்ளய ஒண்ணும் கேக்க வேணாம்" என்றார்.

அவரிடம் செய்தாயா என்று நான் 2014இலும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு ஒன்று. "அன்னிக்கு என்ன நடந்துச்சோ அத நீங்க எழுதிக் குடுத்தா போதும்." ஒரு அஃபிடவிட். என் கையெழுத்தில், என் பதிவெண்ணோடு.

பரணிலிருந்து பழைய கட்டை இறக்கினேன். கரையான் அரிக்கவில்லை. மடித்துச் சொருகிய தாள் உள்ளேயே இருந்தது. அன்றைக்கு நான் எழுதிய கேள்விகள் ஐந்து. ஒன்று புகார் கொடுத்த தேதி பற்றி. ஒன்று பள்ளி விட்டு வரும் நேரம். இன்னும் இரண்டு எதற்கு என்று எனக்கே புரியவில்லை. கடைசியாக, பென்சிலில், "எந்த மாமா?" என்று எழுதி அடித்திருக்கிறேன். அந்த அடித்தல் எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு கோடு இல்லை, இரண்டு கோடு, தாள் பள்ளமாகும்படி.

அந்தத் தாளை அஃபிடவிட்டோடு இணைக்கிறேன். நேற்று ராத்திரி முதல் பத்தியை எழுதி முடித்தேன். கேஸ் கட்டு என் கைக்கு வந்தது காலை 11.20 என்று இருக்கிறது.